கண்ணாடிக்கு வெளியே ஒரு கை: வைப்பரைத் தந்த மேரி ஆண்டர்சனின் கதை

பட்டிப்பொல ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்ற மரக்கறி லொறி ஒன்றில் ஏறிக்கொண்டபோது காலை ஆறு மணி இருக்கும். கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேலே இருக்கும் ஊர் இது. இலங்கையில் இதைவிட உயரத்தில் வேறொரு ரயில் நிலையம் இல்லை. மழை பெய்கிறதா, பனி இறங்குகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாத காலைகள் இங்கே அதிகம். அன்றும் அப்படித்தான். அம்பேவெல பக்கம் திரும்பிய கொஞ்ச நேரத்திலேயே முன்கண்ணாடி வெள்ளைத் துணி போர்த்தியதுபோல் ஆகிவிட்டது. இடது பக்க வைப்பர் வேலை செய்வதே இல்லை. வலது பக்க வைப்பர் ஆடியது. ஆனால் அதன் இறப்பர் தேய்ந்துபோய், தண்ணீரைத் துடைக்காமல் கோடு கோடாக இழுத்துவிட்டது.

சாரதி அண்ணன் லொறியை ஓரங்கட்டினார். கிளீனர் பையன் இறங்கிப் போய், மூட்டையிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்து இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தால் கண்ணாடி முழுவதும் தேய்த்தான். கிழங்கின் மாச்சத்து படிந்த கண்ணாடியில் தண்ணீர் துளித்துளியாக நிற்காது, மெல்லிய படலமாகப் பரவி வழிந்துவிடும். தன் அப்பா காலத்தில் புகையிலையால் தேய்ப்பார்கள் என்றார் அண்ணன்.

அவர் இங்குள்ள தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். அவருடைய பெரியப்பா குடும்பம் 1977 கலவரத்தோடு மலையை விட்டு இறங்கி வவுனியாவுக்குப் போய், அங்கிருந்து கிளிநொச்சிக்குப் போய், யுத்தத்தின் கடைசி மாதங்கள் வரை வன்னியிலேயே இருந்தது. இப்போது வாரத்துக்கு ஒரு முறை கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு அவர் கிளிநொச்சிக்குப் போகிறார். இரவில் மலை இறங்கி, விடிவதற்குள் ஏ9 வீதியைப் பிடித்துவிட வேண்டும். அந்தப் பாதை முழுவதும் அவர் நம்பியிருப்பது அந்த ஒற்றை வைப்பரையும், வெடித்துப்போன பக்கக் கண்ணாடி ஒன்றையும்தான். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய லொறிகளையே ஒட்டிப் பொருத்தி ஓட்டிக்கொண்டிருக்கும் பலரில் அவரும் ஒருவர்.

கைபேசியில் ஒரு காணொளியைப் பார்த்திருக்கிறார். அதில் மின்சார லொறி ஒன்று. பக்கக் கண்ணாடிகள் இல்லை, அவற்றுக்குப் பதிலாகக் கமராக்கள். இனிமேல் வைப்பரும் இருக்காது, ஒளிக்கதிரே கண்ணாடியைத் துடைத்துவிடும் என்றும் அதில் சொன்னார்களாம். அது பட்டிப்பொலப் பனியைத் துடைக்குமா என்று என்னிடம் கேட்டார். பிறகு, இந்த வைப்பரை முதலில் கண்டுபிடித்த வெள்ளைக்காரன் யார் என்றும் கேட்டார்.

வெள்ளைக்காரன் இல்லை, ஒரு வெள்ளைக்காரி என்றேன். அவர் நம்பவில்லை. நுவரெலியா போய்ச் சேரும்வரை நான் அவருக்குச் சொன்ன கதையைத்தான், கொஞ்சம் விரிவாக, இங்கே எழுதுகிறேன்.

தோட்டத்தில் பிறந்தவர்

மேரி ஆண்டர்சன் 1866ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென்மாநிலமான அலபாமாவில், கிரீன் கவுண்டி என்ற பகுதியில் பிறந்தார். பிறந்த இடம் பேர்ட்டன் ஹில் என்ற தோட்டம். மலையகத்து வாசகர் இந்தச் சொல்லைக் கேட்டதும் லயத்தை நினைத்துவிடக் கூடாது. மேரி பிறந்தது தோட்டக்காரர்களின் குடும்பத்தில். நம்முடைய பேச்சில் சொன்னால், துரையின் பங்களாப் பக்கம். அமெரிக்கத் தெற்கின் தோட்டங்கள் ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பில் நின்றவை. அந்த அடிமை முறையைக் காப்பாற்றுவதற்காகத் தென்மாநிலங்கள் நடத்திய உள்நாட்டு யுத்தம் 1865இல் அவர்களுடைய தோல்வியில் முடிந்தது. அதற்கு அடுத்த ஆண்டு பிறந்த குழந்தை மேரி.

யுத்தம் முடிந்த மண்ணில் அடுத்து என்ன நடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குக் கிடைத்த வாக்குரிமையை 1901இல் அலபாமா தன் புதிய அரசியலமைப்பின் மூலம் பெரும்பாலும் பறித்துக்கொண்டது. 1948லும் 1949லும் இயற்றப்பட்ட சட்டங்களால் குடியுரிமையையும் வாக்கையும் இழந்த மலையகத் தமிழருக்கு இது புரியாத கதை அல்ல. மேரி அந்தச் சமூகத்தின் மேல்தட்டில் வாழ்ந்தவர். அவரைப் பற்றி எழுதும்போது இதை மறைத்தால் கதை அழகாக இருக்கலாம், ஆனால் உண்மையாக இருக்காது. அதே மேல்தட்டிலும் ஒரு பெண்ணின் குரலுக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதை அவருடைய வாழ்க்கையின் மீதிப் பகுதி காட்டுகிறது.

மேரிக்கு நான்கு வயதாக இருந்தபோது தந்தை இறந்துபோனார். 1889இல் தாயும் பெண் பிள்ளைகளும் பேர்மிங்ஹாம் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். இரும்புக்கும் உருக்குக்கும் பெயர்போன, வேகமாக வளர்ந்துகொண்டிருந்த நகரம் அது. அங்கே மேரி ஃபெயர்மொன்ட் என்ற அடுக்குமாடி வீட்டுக் கட்டடத்தைக் கட்டினார். 1893இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோவுக்குப் போய், 1898 வரை மாட்டுப் பண்ணையும் திராட்சைத் தோட்டமும் நடத்தினார். பிறகு பேர்மிங்ஹாமுக்கே திரும்பி வந்தார். பொறியியல் படித்தவர் அல்லர். தொழிற்சாலையில் வேலை செய்தவரும் அல்லர். சொத்தை நிர்வகிக்கத் தெரிந்த, திருமணம் செய்துகொள்ளாத ஒரு பெண். வாக்களிக்க அவருக்கும் உரிமை இல்லை.

நியூயோர்க்கில் ஒரு குளிர்நாள்

1902ஆம் ஆண்டு முடிந்து 1903 பிறந்த குளிர்காலத்தில் மேரி நியூயோர்க் நகரத்துக்குப் போனார். பனியும் மழையும் கலந்து கொட்டிய ஒரு நாள் டிராம் வண்டியில் ஏறினார். தண்டவாளத்தில் ஓடும் மின்சார வண்டி அது. நம் கொழும்பிலும் 1899 முதல் அப்படிப்பட்ட டிராம்கள் ஓடின.

அந்த வண்டியின் முன்கண்ணாடி இரண்டு பலகைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பனி படிந்து பாதை மறைந்தால் சாரதி கண்ணாடியைத் திறந்துவிட வேண்டும். திறந்தால் பாதை தெரியும். கூடவே பனிக்காற்றும் ஈரமும் அவருடைய முகத்தில் அடிக்கும். மூடினால் முகம் தப்பும், பாதை மறையும். அந்த மனிதர் திறந்த கண்ணாடிக்குப் பின்னால் நின்று, முகத்தில் பனி அடிக்க அடிக்க வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அதே வண்டியில் எத்தனையோ பேர் பயணம் செய்திருப்பார்கள். வண்டி தாமதமாகிறதே என்று அலுத்துக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள். ஓட்டுகிற மனிதனின் முகத்தைக் கவனித்தவர் தெற்கிலிருந்து வந்த, அந்த ஊர்க் குளிருக்குப் பழகாத இந்தப் பயணி.

ஊர் திரும்பியதும் வேலையை ஆரம்பித்தார். வரைபடம் போட ஒருவரை அமர்த்தினார். உள்ளூர் நிறுவனம் ஒன்றில் மாதிரி ஒன்றையும் செய்வித்தார். சாதனம் மிக எளிமையானது. வண்டிக்குள்ளே சாரதியின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு நெம்புகோல். வெளியே, கண்ணாடியின் மேல், இறப்பர் விளிம்பு பொருத்திய ஒரு கரம். உள்ளே கோலைத் திருப்பினால் வெளியே கரம் கண்ணாடியின் குறுக்கே ஆடித் துடைக்கும். அது கண்ணாடியை விட்டு விலகாமல் அழுத்திக்கொண்டிருக்க ஒரு எதிர்ப்பாரம். நல்ல காலநிலையில் கழற்றி வைத்துக்கொள்ளவும் வழி இருந்தது.

1903 ஜூனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஹென்றி ஃபோர்ட் தன் மோட்டார் நிறுவனத்தைத் தொடங்கியதும் அதே மாதத்தில்தான். நவம்பர் 10ஆம் திகதி 743,801 என்ற இலக்கத்தில் மேரிக்குக் காப்புரிமை கிடைத்தது. 17 ஆண்டுகளுக்கு அது அவருடையது. கண்ணாடி துடைக்கும் கருவிகளுக்கு அந்தக் காலத்தில் வேறு சிலரும் காப்புரிமை பெற்றிருந்தார்கள். ஆனால் உள்ளே இருந்தபடியே இயக்கக்கூடிய, நடைமுறையில் பயன்படக்கூடிய முதல் வைப்பர் என்ற பெருமை பொதுவாக இவருக்கே தரப்படுகிறது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விடயம் உண்டு. பெற்றோல் கார்களுக்காக அல்ல, மின்சாரத்தில் ஓடிய வண்டிக்காகவே மேரி வைப்பரை யோசித்தார். இன்று மின்சார லொறிகளிலிருந்து வைப்பரை நீக்கப் பார்க்கிறவர்கள், அது பிறந்த வீட்டிலிருந்தே அதை வெளியேற்றப் பார்க்கிறார்கள்.

பெறுமதி இல்லை என்ற பதில்

1905இல் கனடாவின் மொண்ட்ரியல் நகரத்தில் இருந்த டின்னிங் அன்ட் எக்கென்ஸ்டைன் என்ற நிறுவனத்திடம் தன் காப்புரிமையை விற்றுத்தரும்படி மேரி கேட்டார். விற்பதற்குரிய வணிகப் பெறுமதி இதில் இல்லை என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். முன்கண்ணாடியில் ஒரு கரம் ஆடிக்கொண்டிருந்தால் ஓட்டுகிறவரின் கவனம் சிதறும் என்ற எதிர்ப்பும் இருந்தது. பனியில் கண்ணே தெரியாமல் ஓட்டுவதைவிட அது ஆபத்தாகத் தெரிந்திருக்கிறது.

அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. அப்போது வீதிகளில் கார்கள் மிகக் குறைவு. ஃபோர்டின் மொடல் டி வந்ததே 1908இல்தான். வாங்குவதற்கு ஆள் இல்லாத பொருளுக்கு வியாபாரி விலை சொல்ல மாட்டான். ஆனால் அந்தக் கணக்கில் டிராம் சாரதியின் முகம் ஒரு செலவாகக்கூடப் பதியவில்லை. முகத்தில் பனி வாங்கிக்கொண்டு ஓட்டுவதற்கு ஆள் கிடைக்கும்வரை கண்ணாடியைத் துடைக்கும் கருவிக்குப் பெறுமதி இல்லை. பெரட்டுக் களத்தில் மழையில் நின்று பெயர் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

1920இல் மேரியின் காப்புரிமை காலாவதியானது. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்ததும் அதே ஆண்டில்தான். இரண்டே ஆண்டுகளில், 1922இல், கடிலாக் நிறுவனம் தன் கார்களில் வைப்பரைக் கட்டாய உறுப்பாகப் பொருத்தியது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. கோடிக்கணக்கான வாகனங்களில் அந்தக் கரம் ஆடத் தொடங்கியது. மேரிக்கு ஒரு சதமும் வரவில்லை.

அவர் ஏழையாகிவிடவில்லை. பேர்மிங்ஹாமில் தன் ஃபெயர்மொன்ட் கட்டடத்தை நிர்வகித்துக்கொண்டு வாழ்ந்தார். 1953 ஜூன் 27ஆம் திகதி, டென்னசி மாநிலத்தின் மொன்டீகிள் என்ற இடத்தில் 87ஆவது வயதில் இறந்தார். அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டது 2011இல். இறந்து 58 ஆண்டுகளுக்குப் பிறகு.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள்

மேரிக்கு மட்டும் இப்படி நடக்கவில்லை. 1917இல் சார்லட் பிரிட்ஜ்வுட் என்ற பெண் உருளைகளைக் கொண்டு மின்சாரத்தில் தானாகவே துடைக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அவருக்கும் அதில் பணம் வரவில்லை. கண் இமைப்பதுபோல் விட்டுவிட்டுத் துடைக்கும் வைப்பரை 1960களில் உருவாக்கியவர் ரொபர்ட் கேர்ன்ஸ். 1953இல் தன் திருமண நாளன்று போத்தல் மூடி தெறித்து ஒரு கண்ணின் பார்வையை ஏறக்குறைய இழந்தவர். பெரிய கார் நிறுவனங்கள் அனுமதியின்றித் தன் யோசனையைப் பயன்படுத்துவதாக அவர் வழக்குப் போட்டார். 1990இல் ஃபோர்ட் நிறுவனம் அவருக்கு ஒரு கோடி டொலருக்கு மேல் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. அதற்குள் அவருடைய குடும்ப வாழ்க்கை குலைந்துபோயிருந்தது.

பின்னால் பார்க்கும் கண்ணாடியின் வரலாற்றிலும் ஒரு பெண் இருக்கிறார். இங்கிலாந்தின் கார்ப் பந்தய வீராங்கனை டொரத்தி லெவிட், காரோட்டும் பெண்கள் கைக்கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு அவ்வப்போது பின்னால் வருவதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று 1909இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1911இல், இந்தியனாபொலிஸ் பந்தயத்தில் ரே ஹரூன் தன் காரில் கண்ணாடி பொருத்தி ஓட்டி வென்றார். வரலாறு பெரும்பாலும் அவருடைய பெயரைத்தான் முதலில் சொல்கிறது.

இனி வரப்போகும் லொறி

இப்போது சாரதி அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். அவர் பார்த்த காணொளி பொய் இல்லை. பக்கக் கண்ணாடிகள் பெரியவை, காற்றைத் தடுப்பவை. மின்சார லொறிக்கு ஒரே சார்ஜில் போகக்கூடிய தூரமே உயிர் என்பதால், காற்றுத் தடையைக் கொஞ்சம் குறைத்தாலும் இலாபம். மெர்சிடிஸ் நிறுவனம் 2019 முதல் தன் அக்ட்ரோஸ் லொறிகளில் கண்ணாடிக்குப் பதிலாகக் கமராவையும் உள்ளே திரையையும் பொருத்திக் கொடுக்கிறது. 2017இல் டெஸ்லா காட்டிய மின்சார லொறியிலும் கமராக்கள்தான் இருந்தன. ஆனால் அமெரிக்கச் சட்டம் கண்ணாடியைக் கேட்பதால், 2022 முடிவில் விற்பனைக்கு வந்த லொறியில் கண்ணாடிகள் இருந்தன.

வைப்பருக்கு மாற்றாகவும் யோசனைகள் உண்டு. கண்ணாடியை மிக வேகமாக அதிரவைத்துத் துளிகளை உதறிவிடும் மீயொலி முறை பற்றி மெக்லாரன் நிறுவனம் 2013இல் பேசியது. லேசர் கதிரால் கண்ணாடி அழுக்கை எரிக்கும் முறைக்கு டெஸ்லா 2021இல் காப்புரிமை பெற்றது. தண்ணீர் ஒட்டாத பூச்சுகள் கடைகளிலேயே கிடைக்கின்றன.

பட்டிப்பொலவுக்கு இவை எப்படிப் பொருந்தும்? தண்ணீர் ஒட்டாத பூச்சு, வாகனம் வேகமாக ஓடும்போதுதான் நன்றாக வேலை செய்யும். எதிர்க்காற்றுத்தான் துளிகளைத் தள்ளிக்கொண்டு போகிறது. இந்த வளைவுகளில் சுமையோடு ஏறும் லொறிக்கு அந்த வேகம் கிடைக்காது. கமராவின் வில்லை நகத்தளவு. ஒரே ஒரு பனித்துளி போதும், திரை முழுவதும் மங்கிவிடும். அதனால் வில்லையைச் சூடாக்கவோ காற்றடித்துத் துடைக்கவோ ஏற்பாடு வேண்டும். கண்ணாடியின் உள்பக்கம் படியும் ஆவியை எந்த வைப்பராலும் துடைக்க முடியாது. டீசல் லொறியில் எஞ்சின் சூடு அதை விரட்டும். மின்சார லொறியில் வீணாகும் சூடு குறைவு என்பதால், அதற்கும் மின்கலத்திலிருந்துதான் செலவழிக்க வேண்டும். தூரத்தை மிச்சம் பிடிக்கக் கண்ணாடியைக் கழற்றியவர்கள், குளிரூரில் பார்வைக்காக அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆகவே துடைக்கும் வேலை எங்கும் போய்விடவில்லை. பெரிய கண்ணாடியிலிருந்து சின்ன வில்லைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். புதிய சாதனங்களை நான் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கண்ணாடி பிடிக்காத மூலைகளைக் கமரா காட்டும். கொழுந்து மூட்டையோடு பாதையோரம் நடந்துபோகும் பெண்களும், பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளும் பெரும்பாலும் அந்த மூலைகளில்தான் இருக்கிறார்கள். அது வந்தால் நல்லது. ஆனால் அதைச் செய்கிறவர்கள் இந்தப் பாதையில், இந்தப் பனியில், ஒரு நாளாவது சாரதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்க வேண்டும். மேரி ஆண்டர்சனுக்குப் படிப்பும் பட்டறையும் இல்லாமலே அந்த யோசனை வந்ததற்குக் காரணம், ஓட்டுகிறவரின் முகத்தை அவர் பார்த்ததுதான்.

நுவரெலியாவில் இறங்கும்போது, அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை ஒன்றும் கொடுக்கவில்லையா என்று சாரதி அண்ணன் மறுபடியும் கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தம்புள்ளையில் நிறுத்தி முதல் வேலையாக இடது பக்க வைப்பரைச் சரிசெய்யப் போவதாகச் சொன்னார். கிளீனர் பையன் அந்தப் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருகிறான். பாதை அவனுக்கும் தெரிய வேண்டும் அல்லவா?